இப்படி ஒருவர் இல்லை

பலனில்லாமல் போன தேடல்களின் பட்டியலில் ஒரே குறியீடு திரும்பத் திரும்ப வந்திருந்தது.

தேடல் பொய்த்துப் போவது அந்த மருத்துவமனையில் அன்றாடம் நடப்பதுதான். கீழ்த்தளத்துக் கூடத்தில், தூணின் மறுபக்கம், ஒரு தேடல் எந்திரம் நின்றது. பார்க்க வருகிறவர்கள் நோயாளியின் குறியீட்டை அதில் தட்ட வேண்டும். உறவு என்ன என்பதை ஒரு பட்டியலில் தொட்டுக் காட்ட வேண்டும். எந்திரம் மாடியையும் படுக்கையையும் அச்சிட்டு ஒரு சீட்டு தரும். சீட்டு இருந்தால்தான் லிஃப்டுக்குள் விடுவார்கள். குறியீடு தவறென்றால் சீட்டு வராது. ‘இப்படி ஒருவர் இல்லை’ என்று திரையில் ஒரு வரி வரும்.

குறியீடு ஆறு ஆங்கில எழுத்துகள். சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் கலந்து கணினியே குலுக்கிப் போட்டது. நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் அது இருக்கும். டேட்டாபேஸுக்குச் சின்ன எழுத்து வேறு, பெரிய எழுத்து வேறு. ஆட்கள் அப்படிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் தட்டிவிட்டு, அம்மாவைக் காணோம், மாமனாரைக் காணோம் என்று வரவேற்பு மேஜையில் சண்டைக்கு நிற்பார்கள்.

டேட்டாபேஸைக் கட்டிக் காப்பது அவள் வேலை. புகார்கள் அவளிடம் வந்து சேரும். பட்டியலை எடுத்து அடித்தளத்தில் இருந்த தன் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாக் குறியீடுகளும் ஒருமுறை, இருமுறை தோற்று, பிறகு மேஜையில் கேட்டுத் திருந்தியிருந்தன. ஒன்று மட்டும் திருந்தவில்லை.

qmrvtz. எல்லாம் சின்ன எழுத்து. பார்வை நேரம் தொடங்கியதும் வரும். தோற்கும். மீண்டும் வரும். பார்வை நேரம் முடிகிறவரை வந்துகொண்டே இருக்கும். பட்டியலில் எவ்வளவு பின்னால் போனாலும் எல்லா மாலைகளிலும் அது இருந்தது.

உறவு என்ற இடத்தில் எப்போதும் ஒரே சொல். தானே.

பட்டியலில் அப்படி ஒரு சொல் இருப்பதற்குக் காரணம் உண்டு. மருத்துவரைப் பார்க்க வரும் வெளிநோயாளிகளும் அதே எந்திரத்தில்தான் தங்கள் வரிசை எண்ணை எடுப்பார்கள்.

வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டாள்.

“தன்னைப் பார்க்கத் தானே வந்திருக்காரு போல,” என்று அவள் சிரித்தாள். “வீட்ல வேற யாரும் வந்து பார்க்கலையோ என்னவோ, பாவம்.”

“ஆளைப் பார்த்திருக்கியா?”

“தூண் மறைக்குது மேடம். தட்டுற சத்தம் மட்டும் கேக்கும். கடகடன்னு. எட்டிப் பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க. ஆனா அந்த இடத்துல ஒரு வாடை. வெயிலே காட்டாத துணி மாதிரி. க்ளீன் பண்றவங்ககிட்ட சொல்லிட்டேன், துடைக்கிற துணியைக் காயப்போட்டு எடுங்கப்பான்னு.”

தூணைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். கீபோர்டு, திரை, சீட்டு வரும் வாய். தரை காய்ந்துதான் இருந்தது. வாடை இருந்தது.

அவள் தம்பியும் அதே மருத்துவமனையில்தான், நான்காவது மாடியில், ஜன்னலோரப் படுக்கையில் இருந்தான். மின்வேலை செய்பவன். ஏணி சறுக்கி விழுந்து தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். ரத்தம் நிறையப் போயிருந்ததால் பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவளுக்கு இருந்தது அவன் ஒருவன். அறுவை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அதை ஒரு கணக்கைப்போல அவள் மனத்துக்குள் போட்டுப் பார்த்திருந்தாள். கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை.

மதியம் அவள் லேப்டாப்பை வாங்கி, வேலை கொடுத்தவருக்கு விடுப்புச் செய்தி தட்டிக்கொண்டிருந்தான். ஒற்றை விரல். பெரிய எழுத்து வரும் இடத்தில் கேப்ஸ் லாக்கைப் போட்டான். கீபோர்டின் ஓரத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. எழுத்தைத் தட்டினான். அணைத்தான்.

“டேய், ஷிஃப்ட்டுன்னு ஒரு பட்டன் இருக்கு.”

“அதுக்கு ரெண்டு விரல் வேணும். நமக்கு ஒண்ணு போதும்.”

“இப்படியே தட்டினா லீவு முடிஞ்ச பிறகுதான் லெட்டர் போகும்.”

“போட்டா எரியணும், அணைச்சா அணையணும். அதான் டீச்சர் நம்ம தொழில்.”

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அவன் வைத்த பெயர் அது. எதையும் திருத்தாமல் விடமாட்டாள் என்பதால்.

நிர்வாகி அன்றே அழைத்தார்.

“பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க உங்க மிஷினை. எங்க வீட்டுப் பூனையை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வருது.”

“பண்ணலாம் சார். கொலேஷனை மாத்தணும்.”

“அது என்னவோ, அதை மாத்துங்க.”

எது எதற்குச் சமம், எதற்குப் பின் எது என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவைக்கும் விதிக்குக் கொலேஷன் என்று பெயர். இதுவரை இருந்த விதி கறாரானது. சின்ன எம் வேறு, பெரிய எம் வேறு. புது விதி தளர்வானது. இரண்டும் ஒன்று. அப்படி ஆக்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். எழுத்தின் அளவால் மட்டும் வேறுபட்ட இரண்டு குறியீடுகள் இருந்தால், புது விதியில் இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

அவள் பார்த்தாள். படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்குள் அப்படி யாரும் இல்லை.

பழைய ஆவணத்தைப் பார்க்கவில்லை. அது தனி. குணமாகிப் போனவர்களும் இறந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். தேடல் எந்திரத்துக்கு அங்கே வேலை இல்லை. ஒரே ஒரு வழிதான் அங்கிருந்து இங்கே வந்தது. பழைய நோயாளி யாராவது திரும்பிச் சேர்ந்தால், அவருடைய பழைய விவரங்களையும் பழைய குறியீட்டையும் எடுத்துவந்து டேட்டாபேஸில் அவருக்கான புது வரியின் மேல் எழுதும் ஒரு வேலை நாள்தோறும் தானாக ஓடியது. நல்ல ஏற்பாடு. அவளே எழுதியது.

விதியை மாற்றினாள். சில நொடிகள் ஆயின.

அன்று மாலை கூடத்தில் சண்டை இல்லை. பட்டியலைத் திறந்தாள். ஏறத்தாழக் காலியாக இருந்தது. நாற்காலியில் சாய்ந்தாள். மேலே குழாய்களில் நீர் ஓடும் சத்தம், சர்வர் அறையின் விசிறிகள் ஒரே சுருதியில் முனகும் சத்தம், சுவருக்கு அப்பால் எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போய்த் தேய்ந்து அடங்கும் சத்தம். எல்லாம் வழக்கம்போல்தான். ஏதோ ஒன்று குறைந்தது.

பிறகு உறைத்தது. qmrvtz பட்டியலில் இல்லை.

கிடைத்த தேடல்களைத் திறந்தாள். இருந்தது. பார்வை நேரம் தொடங்கியதும் ஒரே ஒருமுறை. சீட்டு அச்சாகியிருந்தது. உறவு, தானே. நான்காவது மாடி. ஜன்னலோரம்.

தம்பியின் குறியீட்டை அவள் அதுவரை ஊன்றிப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

qMrvTz.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினாள். பார்வை நேரம் முடிந்திருந்தது. வார்டில் பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. தம்பி மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். படுக்கைக்கு அருகில் பார்வையாளர் நாற்காலி. ஒரு படுக்கைக்கு ஒன்றுதான் வைப்பார்கள். அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து தள்ளி, கட்டிலை முட்டிக்கொண்டு கிடந்தது.

“யாராவது வந்தாங்களாடா?”

“ம். உன் ஆபீஸ் ஆளுன்னு நினைச்சேன்.”

“யாரு?”

“தெரியல. பேசவே இல்ல. உட்கார்ந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கடைசிவரைக்கும் விடல.”

“ஆணா, பொண்ணா?”

அவன் யோசித்தான். நேரமெடுத்து யோசித்தான்.

“பாரு, அதைக் கவனிக்கல.” சிரிக்கப் பார்த்தான். “கை மட்டும் சில்லுனு இருந்தது. ஈரத் துணி சுத்தின மாதிரி.”

போர்வையை விலக்கி அவன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுப் பட்டைக்கு மேலே தோல் வெளுத்து, சுருங்கி, நெடுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல் இருந்தது. நான்கு விரல்களின் அகலம். உள்பக்கம் கட்டை விரல்.

நாற்காலியில் அந்த வாடை இருந்தது.

மறுநாள் காலை வார்டு நர்ஸ் அவளை நடையில் நிறுத்தினாள்.

“மேடம், உங்க தம்பிக்கு முன்னாடி இங்க இருந்த ரெக்கார்டு இருக்குன்னு சொல்லவே இல்லையே.”

“இல்லையே. இதுதான் முதல் தடவை.”

“சிஸ்டத்துல வருதே.”

நர்ஸின் திரையில் தம்பியின் வரி இருந்தது. வயது மாறியிருந்தது. ரத்தப் பிரிவு மாறியிருந்தது. குறியீடு சின்ன எழுத்துகளுக்கு மாறியிருந்தது.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே விளங்கியது. தளர்ந்த விதி. தானாக ஓடும் வேலை. பழைய ஆவணத்தில் அதே ஆறு எழுத்துகளோடு யாரோ ஒருவர். அவர் திரும்பிச் சேர்ந்ததாக எண்ணி, அவருடையதை எல்லாம் கொண்டுவந்து தம்பியின் மேல் எழுதிவிட்டது.

“ரத்தம் ஏத்தலையே? இந்தப் பிரிவைப் பார்த்து ஏத்தலையே?”

“ஏத்தியாச்சு.”

“ஐயோ. அது தப்பு. அது அவனோடது இல்ல.”

“பதறாதீங்க. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்தது. அதனால ஏத்தறதுக்கு முன்னாடியே புதுசா ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன்.” நர்ஸ் அவள் தோளைத் தொட்டாள். “சிஸ்டத்துல இருக்கறதுதான் சரி மேடம். முதல்ல எழுதினதுதான் தப்பு.”

சிறு வயதிலிருந்து தம்பியின் ரத்தப் பிரிவு அவளுக்குத் தெரியும். அவளுடையதும் அதுதான்.

அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தான். அவன் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. சும்மா இருக்கும் கையால் எதையாவது திருகிக்கொண்டிருப்பான்.

“ராத்திரி தூங்கினியா?”

“தூங்கினேன்.”

“அந்த லெட்டருக்குப் பதில் வந்ததா?”

“எந்த லெட்டர்?”

லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்தாள். “இன்னொரு தடவை அனுப்பு. ஏதாவது எழுது.”

அவன் கீபோர்டைப் பார்த்தான். இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தான். பத்து விரல்களும் இறங்கின. கடகடவென்று தட்டினான். வாக்கியத்தின் தொடக்கத்திலும் பெயர்களிலும் எல்லாம் சின்ன எழுத்து. பச்சை விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை.

“லைட்டைப் போடலியாடா?” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

அவன் நிமிர்ந்து கூரை விளக்கைப் பார்த்தான். பிறகு அவளை.

“எரியுதே,” என்றான்.

அடித்தளத்துக்கு இறங்கினாள். ஆவணத்தில் தேடினாள். qmrvtz. ஒரு வரி வந்தது. ஆண். வயதானவர். அதே வார்டு. காண வந்தவர்கள் என்ற இடம் காலி. கடைசிக் கட்டத்தில் ‘இறப்பு’ என்று இருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. அவர் யாருக்கும் யாராகவும் இருந்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

தம்பியின் வரியைக் கையால் திருத்தினாள். வயது, ரத்தப் பிரிவு, பெரிய எம், பெரிய டி. சேமித்தாள். தானாக ஓடும் வேலையை நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். வரி மறுபடி மாறியிருந்தது. நிறுத்திய வேலை நின்றுதான் இருந்தது. மறுபடி திருத்தினாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண் முன்னால் பெரிய எம் சின்ன எம் ஆனது.

நிர்வாகியிடம் போனாள். விதியைப் பழையபடி ஆக்க வேண்டும் என்றாள்.

“ஏன்? இன்னிக்குத்தான் ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்லாம காப்பி குடிச்சேன்.”

“ரெண்டு பேரோட ரெக்கார்டு கலந்துபோச்சு சார்.”

“யாரோடது?”

“என் தம்பியோடது. இன்னொருத்தர் ஏற்கெனவே இறந்துட்டாரு.”

“இறந்தவரு வந்து கேஸ் போடப் போறாரா? உங்க தம்பி ரெக்கார்டை மட்டும் சரிபண்ணுங்க. எல்லாருக்கும் திறந்த கதவை ஒருத்தருக்காக மூட முடியாது.”

பார்வை நேரத்துக்கு முன்பே வார்டுக்குப் போனாள்.

ஒரு படுக்கைக்கு ஒரு நாற்காலி. அதில் தான் உட்கார்ந்துவிட்டால் வேறு யாரும் உட்கார முடியாது. அவளுக்குத் தோன்றிய யோசனை அவ்வளவுதான். நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, முதுகை ஒட்டவைத்து, தம்பியின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. அவன் கண்ணை மூடியிருந்தான். பக்கத்துப் படுக்கைகளுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிளாஸ்டிக் பைகள் சரசரத்தன, யாரோ யாரையோ செல்லமாகத் திட்டினார்கள், ஒரு குழந்தை செருப்பை இழுத்து இழுத்து நடந்தது, வார்டுக் கதவின் ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் இழுபட்டு முனகி, விட்டதும் இருமுறை மோதி நின்றது.

கதவு முனகியது. மோதியது. ஒருமுறை. இரண்டாவது மோதல் வரவில்லை.

யாரோ கையால் பிடித்து மெதுவாகச் சாத்தியிருந்தார்கள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கதவருகே யாரும் இல்லை.

வாடை முதலில் வந்தது. வெயில் படாத துணி. பிறகு தரையில், ஈரக் கால் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். அவசரமில்லாத நடை. ஒவ்வொரு கட்டிலின் முனையிலும் நின்று நின்று வந்தது. படிப்பதைப்போல. அடுத்தடுத்த படுக்கைகளில் பேச்சு தொடர்ந்தது. யாரும் திரும்பவில்லை. போர்வைகளின் நுனி மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்தது.

தம்பியின் கட்டில் முனையில் நின்றது.

நின்றது.

பிறகு நாற்காலியின் பக்கம் வந்தது.

நான் இருக்கிறேன், என்று மனத்துக்குள் சொன்னாள். இங்கே ஆள் இருக்கிறது. வேறு இடம் பார்.

அவள் மடியில் பாரம் இறங்கியது.

வயதானவர் உட்காரும் விதம். பாதி இறங்கி, நின்று, மிச்சத்தையும் விட்டுவிடுவது. ஈரம் புடவையைத் தாண்டித் தொடையில் படிந்தது. முகத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. மூச்சு முட்டியது. மார்பின் மேல் ஒரு முதுகு சாய்ந்தது. அவள் அங்கே இருப்பது அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நாற்காலியில் மெத்தை இருந்ததைப்போல.

அது முன்னால் குனிந்தது. அவள் கைகளுக்கு உள்ளே, அவள் கைக்கும் தம்பியின் கைக்கும் நடுவில், இன்னொரு கை நுழைந்தது.

தம்பி கண்ணைத் திறந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு ஒரு சாண் முன்னால் பார்த்தான். அடையாளம் தெரிந்தவன்போல் தலையசைத்தான்.

கையை உருவினாள். நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. படிகள். கைப்பிடி. படிகள். அடித்தளம். விளக்குப் போடவில்லை. திரையின் வெளிச்சம் போதும்.

யாரிடமும் கேட்கவில்லை. விதியை மாற்றினாள். கறாரான விதி. சின்னது வேறு. பெரியது வேறு. அவசரத்தில் இருமுறை தவறாகத் தட்டினாள். மூன்றாவது முறை ஏற்றுக்கொண்டது. சில நொடிகள்.

முடிந்தது.

மூச்சு விட்டாள். தேடல் பெட்டியில் தம்பியின் குறியீட்டைத் தட்டினாள். பெரிய எம். பெரிய டி.

இப்படி ஒருவர் இல்லை.

தவறாகத் தட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினாள்.

இப்படி ஒருவர் இல்லை.

சின்ன எழுத்தில் தட்டினாள். ஒரு வரி வந்தது. நான்காவது மாடி. ஜன்னலோரம். தம்பியின் பெயர் இருந்த இடத்தில் வேறு பெயர் இருந்தது.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெல்ல, மிக மெல்ல, புரிந்தது. விதி தளர்ந்திருந்தவரை இருவரும் ஒருவராக இருந்தார்கள். அந்த ஒருவருக்குள் தம்பியும் இருந்தான். எந்தப் பெயர் சொல்லித் தேடினாலும் கிடைத்திருப்பான். இப்போது அவள் இருவரையும் பிரித்திருந்தாள். வரி ஒன்றுதான். அதில் நிற்க ஒருவருக்குத்தான் இடம். அப்போது அதில் நின்றது யார் என்று அவள் பார்க்கவில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டாள்.

மேலே போனாள். ஓடவில்லை. ஓடினால் சீக்கிரம் போய்விடுவோம் என்று பயமாக இருந்தது.

பார்வை நேரம் முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். நர்ஸ் ஜன்னலோரப் படுக்கையின் அருகில் நின்று மாத்திரையைக் கையில் கொட்டிக்கொண்டிருந்தாள். காலில் கம்பி இருந்தது. முகம் தம்பியின் முகம்தான். நெற்றித் தழும்பு இருந்தது. சின்ன வயதில் அவள் தள்ளிவிட்டு விழுந்த தழும்பு.

“பெரியவரே, வாயைத் திறங்க,” என்றாள் நர்ஸ். “இன்னிக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கீங்க.”

இருபத்தெட்டு வயதுப் பையன். அவன் வாயைத் திறந்தான். பல் இல்லாதவர்கள் மெல்வதைப்போல மாத்திரையை ஈறுகளில் உருட்டினான். தண்ணீர் குடித்தான். கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டான். பட்டையில் ஆறும் சின்ன எழுத்துகளாக இருந்தன.

நாற்காலி காலியாக இருந்தது. அதில் வாடை இல்லை. வாடை இப்போது படுக்கையிலிருந்து வந்தது.

“டேய்,” என்றாள்.

நர்ஸ் முகம் சுளித்தாள். அவன் நிதானமாகத் திரும்பினான். கண்ணைச் சுருக்கி, மரியாதையாக, முன்பின் தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“யாரைப் பார்க்கணும்மா உங்களுக்கு?”

கீழ்த்தளத்துக் கூடத்தில் முக்கால்வாசி விளக்குகளை அணைத்திருந்தார்கள். வரவேற்பறைப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் தூணைக் காட்டினாள்.

“மேடம், உங்க ஆளு இன்னிக்கு வேற மாதிரி தட்டுறாரு. எப்பவும் கடகடன்னு கேக்கும். இன்னிக்கு ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. பார்வை நேரம் முடிஞ்சுபோச்சு, இன்னும் போகல.” குரலைத் தணித்தாள். “நான் எட்டிப் பார்க்கல. நீங்க வேணா பாருங்க.”

அந்தப் பெண்ணின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

கூடத்தில் அமைதி.

டக்.

வெகுநேரம் கழித்து, டக்.

தூணைச் சுற்றி நடந்தாள். ஒரு கை தூணின்மேல். கல் சில்லென்று இருந்தது.

எந்திரத்தின் முன்னால் யாரும் இல்லை. ஈரத் துணி வாடை இல்லை. வேறொரு வாடை. ஈயம் உருக்கிய வாடை, சூடான ஒயரின் வாடை. வேலை முடிந்து அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போடும்போது வரும் வாடை.

ஒரு விசை அமுங்கி எழுந்தது.

கீபோர்டின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு விசை அமுங்கியது. விளக்கு அணைந்தது.

ஒன்று. ஒன்று. ஒன்று.

விளக்கு எரிந்தது. ஒரு விசை. விளக்கு அணைந்தது.

qMrvTz.

உறவுகளின் பட்டியல் திறந்தது. அம்மா, அப்பா, அக்கா எல்லாம் மேலே நகர்ந்து போயின. கடைசிச் சொல்லில் நின்றது. தானே.

இப்படி ஒருவர் இல்லை.

“டேய்,” என்றாள். எந்திரத்தை நெருங்கினாள். மறுபடி சொன்னாள். “நான்தான்டா.”

விசைகள் நின்றன. திரையின் கண்ணாடியில், நின்று பார்ப்பவரின் வாய் இருக்கும் உயரத்தில், மூச்சுப் பட்டதுபோல் ஒரு வட்டம் மங்கியது. மெதுவாகத் தெளிந்தது. அவள் பக்கம் திரும்பியதற்கு அடையாளமாக ஒன்றும் இல்லை. அவள் சொன்னது கேட்டதா என்று தெரியவில்லை. இங்கே நிற்பவனுக்கு இந்தத் திரையைத் தவிர வேறெதுவும் பதில் சொல்லாது போலிருந்தது.

விதியை மறுபடி தளர்த்தலாம். சில நொடிகள்தான். சீட்டு வரும். அவன் மாடிக்குப் போவான். படுக்கையில் இருப்பவரின் பக்கத்தில், அந்த நாற்காலியில் உட்காருவான். கையைப் பிடிப்பான். அதற்குப் பிறகு யார் யாராக எழுந்திருப்பார்கள் என்று எந்த விதியும் அவளுக்குச் சொல்லாது.

அவள் நின்றாள்.

அவனுக்கு அவசரம் இல்லை. அவன் எப்போதும் ஒற்றை விரலால் தட்டுபவன்.

பச்சை விளக்கு எரிந்தது.